சுவருக்கு ஏற்ற பூச்சு: வீட்டில் எந்த இடத்துக்கு எந்த பெயிண்ட்?



மார்கழி பிறந்தாலே நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குழுக் கூட்டங்களில் ஒரு கோரிக்கை தவறாமல் வரும். "பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும், குழுவிலே கடன் குடுங்க" என்று நாலைந்து பேராவது கேட்பாங்க. தொகுப்பு வீடு கட்டினவங்க, 360 சதுர அடியில் கலைஞர் கனவு இல்லம் கட்டுறவங்க, பழைய மெத்தை வீட்டில் இருக்கிறவங்க என்று எல்லாருக்கும் இந்தச் செலவு உண்டு. வீடு கட்டி முடிக்கும்போது கடைசியாக வருவது பெயிண்ட் வேலை. அந்த நேரத்தில் கையில் காசும் குறைவாக இருக்கும், அவசரமும் அதிகமாக இருக்கும்.

கடன் கேட்கிறவங்ககிட்ட "என்ன பெயிண்ட் அடிக்கப் போறீங்க?" என்று நாங்கள் கேட்டால், பெரும்பாலும் நிறத்தைத்தான் சொல்லுறாங்க. ரோஸ், பச்சை, ஆரஞ்சு என்று பதில் வரும். ஆனால் ஒரு பூச்சு நாலு வருஷம் நிற்குமா, நாலே மாசத்தில் உரியுமா என்பதை நிறம் முடிவு செய்வதில்லை. சுவர் காய்ந்திருக்கிறதா, அந்தச் சுவரில் தினமும் என்ன படுகிறது என்ற இரண்டு கேள்விகள்தான் முடிவு செய்கின்றன. இந்த இதழில் அதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

பெயிண்ட் என்றால் என்ன?

எந்த பெயிண்டிலும் மூன்று பொருள் இருக்கும். முதலாவது நிறமும் சுண்ணப்பொடியும் சேர்ந்த பொடி. இரண்டாவது அந்தப் பொடியைச் சுவரோடு ஒட்ட வைக்கும் பசை. மூன்றாவது இவற்றைக் கரைத்து வைக்கும் தண்ணீர் அல்லது தின்னர். அடித்த பிறகு தண்ணீரும் தின்னரும் ஆவியாகிப் போய்விடும். சுவரில் நிற்பது பொடியும் பசையும்தான்.

பசை அதிகமாக இருந்தால் பூச்சு வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். பொடி அதிகமாகி பசை குறைந்தால் பூச்சு மங்கலாக இருக்கும். வீட்டுப் பாத்திரத்தை வைத்துப் பாருங்க. எவர்சில்வர் தட்டில் எண்ணெய் பட்டால் துடைத்தால் போய்விடும். மண் சட்டியில் பட்டால் உள்ளே இறங்கிவிடும். பளபளப்பான பூச்சு எவர்சில்வர் மாதிரி. மங்கலான பூச்சு மண் சட்டி மாதிரி.

அப்படியென்றால் வீடு முழுக்கப் பளபளப்பாகவே அடித்துவிடலாமே என்று தோன்றும். அதில் இரண்டு சிக்கல் இருக்கு. ஒன்று, பளபளப்பு சுவரின் மேடு பள்ளத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கொத்தனார் கரணை ஓடிய தடம்கூட ஜன்னல் வெளிச்சத்தில் தெரியும். இரண்டு, பளபளப்பான பூச்சு சுவரை மூடிவிடும். சுவருக்குள் ஈரம் இருந்தால் அது வெளியே வர வழியில்லாமல் பூச்சைக் கொப்பளமாகத் தூக்கிவிடும்.

கடையில் கிடைக்கும் வகைகள்

சுண்ணாம்பு: நம்ம பாட்டி காலத்துப் பூச்சு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு நீர்த்து எடுப்பது. அடித்த பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகவே மாறும். காரத்தன்மை உள்ளதால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சுவரின் ஈரமும் அதன் வழியே வெளியேறும். விலையும் குறைவு. குறை என்னவென்றால் முதுகு சாய்ந்தால் புடவையில் ஒட்டும், வருஷா வருஷம் அடிக்கணும்.

டிஸ்டம்பர்: தண்ணீரில் கலக்கும் உள்சுவர்ப் பூச்சு. பொடி அதிகம், பசை குறைவு. சுண்ணாம்பை விட நிறம் நன்றாக இருக்கும். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் நிறமும் சேர்ந்து வரும். அக்ரிலிக் டிஸ்டம்பர் கொஞ்சம் தாங்கும்.

சிமெண்ட் பெயிண்ட்: வெளிச்சுவருக்கு. பொடியாக வரும், தண்ணீரில் கலக்கி அடிக்கணும். அடிப்பதற்கு முன் சுவரை நனைக்கணும், அடித்த பிறகும் தண்ணீர் தெளித்து இறுக விடணும். தண்ணீர் காட்டாத சிமெண்ட் பெயிண்ட் மாவு மாதிரி உதிர்ந்துவிடும்.

எமல்ஷன்: தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் பசை கொண்ட பெயிண்ட். உள்சுவருக்கு ஒன்று, வெளிச்சுவருக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். இதிலேயே மேட் என்றால் மங்கல், சாட்டின் அல்லது சில்க் என்றால் மிதமான பளபளப்பு. உள்சுவர் எமல்ஷனை வெளியே அடித்தால் வெயிலும் மழையும் சீக்கிரமே அழித்துவிடும்.

எனாமல்: எண்ணெய்ப் பசை கொண்டது, தின்னர் அல்லது டர்பன்டைன் ஊற்றிக் கலக்குவது. கதவு, ஜன்னல், இரும்புக் கிரில்லுக்கு ஏற்றது. புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவரில் நேரடியாக அடித்தால் சிமெண்டின் காரம் எண்ணெயைச் சோப்பு மாதிரி ஆக்கிவிடும். பூச்சு பிசுபிசுத்து உரியும்.

முதலில் சுவர் காயட்டும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை ஆற்றில் வெள்ளம் வந்து விழுப்புரம் பக்கத்து ஊர்கள் பல தண்ணீரில் நின்றன. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு போட்டுவிட்டுப் போனது.

அதற்கு அடுத்த பொங்கல் 2025 ஜனவரி 14-ல் வந்தது. நடுவில் 45 நாள்தான். சேற்றுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பொங்கல் வைக்க யாருக்கு மனசு வரும்? அதனால் பல வீட்டில் கடன் வாங்கி அவசரமாக பெயிண்ட் அடித்தாங்க. நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் சில்க் எமல்ஷனே அடித்திருந்தாங்க. பொங்கலுக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. சித்திரை வெயிலில் சுவருக்குள் இருந்த ஈரம் வெளியே வரத் தொடங்கியது. அடியில் இரண்டு அடி உயரத்துக்கு அப்பளம் மாதிரி கொப்பளித்து உதிர்ந்தது. "இன்னும் பாதித் தவணைகூட கட்டலை, செவுரு பழையபடி ஆயிடுச்சு" என்று அந்தச் சகோதரி சொன்னாங்க. பெயிண்டில் குறை இல்லை, பெயிண்டர் வேலையிலும் குறை இல்லை. சுவர் மட்டும் காயவில்லை.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கு. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை எடுத்து, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டுங்க. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு எடுத்துப் பாருங்க. தாளின் உள்பக்கம் நீர் முத்து முத்தாக இருந்தால் சுவர் இன்னும் ஈரம். பொறுத்திருங்க. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒரு தாள், நெஞ்சளவில் ஒரு தாள் என்று இரண்டு இடத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது.

சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீங்க. கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, கூட்டி வெளியே கொட்டணும். மரக்காணம் பக்கம் உப்புத் தண்ணியில் கலவை போட்டுக் கட்டின வீடுகளில் இது அடிக்கடி வரும். அப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புதான் பொருத்தம்.

புதுச் சுவர் பூசினவங்களும் குறைந்தது 28 நாள், அதாவது நாலு வாரம் விடணும். மழைக்காலம் என்றால் அதற்கும் மேலே. பண்டிகைக்கு வீடு அழகாக இருக்கணும், ஆனால் சுவர் ஈரமாக இருக்கு என்றால் இந்த வருஷம் சுண்ணாம்பு அடிச்சு காவிப் பட்டை போடுங்க. செலவு கொஞ்சம்தான். கோடை முடியட்டும், பிறகு பெயிண்ட்டை யோசிக்கலாம். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைக்கணும். சுண்ணாம்பு மேலே எமல்ஷன் அடிக்கணும் என்றால் சுண்ணாம்பை நன்றாகச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான் அடிக்கணும். இல்லாவிட்டால் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும்.

இடத்துக்கு இடம் என்ன பூச்சு?

கூடம், படுக்கும் அறை: இங்கே சுவரில் படுவது கையும் தலையும்தான். மேட் எமல்ஷன் அல்லது அக்ரிலிக் டிஸ்டம்பர் போதும். சுவர் மேடு பள்ளமாக இருந்தாலும் மேட் மறைத்துவிடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கிறுக்கல் அதிகமாக இருக்கும். தரையிலிருந்து நாலு அடி வரை மட்டும் சாட்டின் அடிக்கலாம். துடைக்க வசதி.

அடுப்படி: காசு போட வேண்டிய முதல் இடம் இது. புகை, எண்ணெய், தாளிப்பு, தண்ணீர் எல்லாம் இந்தச் சுவரில்தான் படுகிறது. ஆனால் நம்ம ஊரில் நடப்பது தலைகீழ். விருந்தாளி பார்க்கிற கூடத்துக்கு விலை கூடின பெயிண்ட், நாம் நாள் முழுக்க நிற்கிற அடுப்படிக்கு மிச்சம் மீதி. கூடத்துக்கு மேட் அடித்து மிச்சமாகும் பணத்தை அடுப்படிக்குப் போடுங்க. அங்கே துடைக்கக்கூடிய சாட்டின் எமல்ஷன் நல்லது. அடுப்புக்கு நேர் பின்னால் இரண்டு அடி உயரம் டைல்ஸ் ஒட்டினால் பெயிண்ட் செலவே அங்கு வராது. விறகு அடுப்பு எரிக்கிறவங்க வீட்டில் கரி படியும். அங்கே எந்த பெயிண்ட்டும் கறுக்கத்தான் செய்யும், அதனால் வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பே சிக்கனம். புகை போக வழி செய்வது பெயிண்டுக்கும் நல்லது, நம்ம நெஞ்சுக்கும் நல்லது.

குளியலறை, கழிப்பறை: ஈரம் இங்கே வெளியிலிருந்து தினமும் வருகிறது. தண்ணீர் தெறிக்கும் உயரம் வரை டைல்ஸ் ஒட்டுவது நல்லது. முடியாவிட்டால் நன்றாகக் காய்ந்த சுவரில் பிரைமர் அடித்து எனாமல் அடிக்கலாம். மேல் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால் கரும்புள்ளி குறையும். சின்ன ஜன்னல் ஒன்று திறந்திருக்கணும். காற்று போகாத குளியலறையில் எந்த விலை பெயிண்ட்டும் தோற்றுப்போகும்.

வெளிச்சுவர்: இங்கே வெயிலும் மழையும் படும். வெளிச்சுவர் எமல்ஷன் நீண்ட நாள் தாங்கும், சிமெண்ட் பெயிண்ட் சிக்கனம். பட்டி பார்ப்பதாக இருந்தால் வெள்ளை சிமெண்ட் பட்டிதான் வெளியே. அக்ரிலிக் பட்டி உள்சுவருக்கு மட்டும். வானூர், திண்டிவனம் பக்கம் செம்மண் பூமி. மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது அடிச்சுவர் இரண்டு அடிக்குச் சிவந்துபோகும். அந்த இரண்டு அடிக்கு மட்டும் காவி அல்லது அடர்ந்த நிறம் அடிங்க. பழைய காலத்தில் காவிப் பட்டை போட்டது அழகுக்காக மட்டும் இல்லை என்பது அப்போது புரியும்.

கதவு, ஜன்னல், கிரில்: எனாமல்தான். மரத்துக்கு மரப் பிரைமர், இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் முதலில் அடிக்கணும். மரக்காணம் போலக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவைச் சுரண்டாமல் மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் துரு உள்ளேயே வளரும்.

மொட்டை மாடித் தளம்: வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கோடைக்கு முன் தளத்தில் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தாலே கீழே அறையில் சூடு குறைவதை உணரலாம். வெயிலைத் திருப்பும் தனி வெள்ளைப் பூச்சும் கடையில் இருக்கு. அகமதாபாத்தில் மகளிர் வீட்டுவசதி அறக்கட்டளை ஏழைப் பெண்களின் வீட்டுக் கூரைகளில் இப்படிப்பட்ட வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலையைச் செய்திருக்கிறது. தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு இது இன்னும் பயன்படும்.

மாட்டுக் கொட்டகை: யோசிக்கவே வேண்டாம், சுண்ணாம்பு.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டும்போது கவனம்

இது பணத்தை விடப் பெரிய விஷயம். பழைய எனாமல் பெயிண்ட்களில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், படிப்பில் பின்தங்க வைக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் அது போய்ச் சேரும்.

மத்திய அரசு 2016-ல் இதற்கு விதி போட்டது. 2017 நவம்பர் 1 முதல் வீட்டு உபயோக பெயிண்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கும்படி தயாரிக்கக் கூடாது. ஆகவே புது டப்பா வாங்கும்போது ஈயம் 90 பிபிஎம் அளவுக்குள் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்க. பெயர் ஊர் இல்லாத டப்பாவை விலை குறைவு என்று வாங்க வேண்டாம்.

ஆனால் அதற்கு முன்னால் அடித்த கதவும் ஜன்னலும் இன்னும் நம்ம வீட்டில்தான் இருக்கு. நடை பழகும் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று வாய் வைப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். பெயிண்ட் உரியாமல் நன்றாக இருந்தால் சுரண்டாமல் மேலேயே புதிதாக அடித்துவிடுங்க. உரிந்திருந்தால் மட்டும் சுரண்டணும். அப்போது செய்ய வேண்டியவை:

1. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கணும். காய்ந்தபடி தேய்த்தால் தூசி வீடு முழுக்கப் பரவும்.
2. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கக் கூடாது. அக்கம் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்க.
3. தண்ணீர்க் குடம், மாவு, சோறு எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றுங்க.
4. உரித்த சக்கையைத் துணியில் அள்ளிக் கட்டிப் போடணும். அடுப்பில் போட்டு எரிக்கவே கூடாது. பழைய கதவு, ஜன்னல் கட்டையையும் விறகாக எரிக்க வேண்டாம்.
5. வேலை முடிந்ததும் தரையை ஈரத் துணியால் துடைத்து, குளித்து, துணியைத் தனியாகத் துவைக்கணும்.

சுண்ணாம்பிலும் ஆபத்து உண்டு. நீர்க்கும்போது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க. தெறித்துவிட்டால் கண்ணைக் கசக்காமல் நல்ல தண்ணீரை ஊற்றி விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கணக்கு நாமே போடுவோம்

எத்தனை லிட்டர் வேணும் என்பதைப் பெயிண்டர் சொல்லித்தான் பெரும்பாலும் வாங்குகிறோம். நாமே கணக்குப் போடலாம். 10 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நாலு சுவரின் சுற்றளவு 40 அடி. 40-ஐ உயரம் 10-ஆல் பெருக்கினால் 400 சதுர அடி. கதவு 7 அடிக்கு 3 அடி, 21 சதுர அடி. ஜன்னல் 4 அடிக்கு 3 அடி, 12 சதுர அடி. இரண்டையும் கழித்தால் 367 சதுர அடி.

ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவிலோ கடையிலோ தெரியும். அது ஒரு கோட்டிங்குக்கா, இரண்டு கோட்டிங்குக்கா என்று கேளுங்க. இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 367-ஐ 60-ஆல் வகுக்க 6 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். 10 லிட்டர் வேணும் என்று சொன்னால் ஏன் என்று கேட்கலாம். சில வகை வாளிகளில் பெயிண்டருக்குப் பரிசு டோக்கன் வைப்பதும் உண்டு. அதனால் எந்த பெயிண்ட், எவ்வளவு என்ற முடிவு நம்ம கையில் இருக்கட்டும். கூலியைப் பேசும்போதும் சதுர அடிக்கு இவ்வளவு, எத்தனை கோட்டிங், பிரைமர் சேர்த்தா சேர்க்காமலா என்று நோட்டில் எழுதி வாங்குங்க.

காசு பத்தாது என்றால் இந்த வரிசையில் செய்யுங்க: முதலில் ஒழுகும் இடத்தையும் விரிசலையும் அடைப்பது, அடுத்து கதவு ஜன்னலும் வெளிச்சுவரும், அடுத்து அடுப்படி, கடைசியாகக் கூடம். ஒழுகும் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரிதான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம்ம குழுவில் யார் வீட்டிலாவது பெயிண்ட் ஒரு வருஷத்துக்குள் உரிந்ததா? சுவர் ஈரமா, உப்பா, பழைய சுண்ணாம்பா, எது காரணம்?
2. வீட்டுப் பூச்சுக்குக் கடன் கொடுக்கும் முன் பிளாஸ்டிக் தாள் சோதனை செய்து பார்க்கலாம் என்று தீர்மானம் போடலாமா?
3. ஆறு வயதுக்குள் பிள்ளைகள் உள்ள வீடுகளில் உரிந்த நிலையில் பழைய எனாமல் பூச்சு எத்தனை வீட்டில் இருக்கு?
4. ஒரே தெருவில் நாலைந்து பேர் அடிப்பதாக இருந்தால் பெரிய வாளியாகச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் எவ்வளவு மிச்சமாகும்? இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு வந்து சொல்லுங்க.
5. அடுப்படியில் நிற்கிறவங்க நாம். அடுப்படிக்கு என்ன பூச்சு என்பதை நம்ம வீட்டில் யார் முடிவு செய்கிறாங்க?

இந்த ஐந்தாவது கேள்வியைக் கட்டாயம் பேசுங்க. கடனை வாங்குவதும் நாம், தவணை கட்டுவதும் நாம். கடைக்குப் போய் டப்பாவைத் திருப்பிப் படித்து, "இது உள்சுவருக்கா வெளிச்சுவருக்கா, துடைக்கலாமா, ஈயம் எவ்வளவு?" என்று கேட்பதும் நாமாகவே இருக்கலாம். கூட்டத்தில் பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, உங்க ஊக்குநர் மூலம் எங்களுக்கு அனுப்புங்க. மற்ற குழுக்களுக்கும் பயன்படும்.